மசக்கைக்கும் வளைகாப்புக்கும் நடுவில்

எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முருங்கை மரம் நிற்கிறது. காத்ர் போர்னில் நாங்கள் குடிவந்த அன்று அடுக்களை ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். மொரீஷியஸில் முருங்கைக்கு 'மூரூம்' என்று பெயர். கீரை என்றால் 'பிரெட்'. சனிக்கிழமைச் சந்தையில் 'பிரெட் மூரூம்' என்று கட்டுக் கட்டாக அடுக்கியிருப்பார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர்களும் தச்சர்களும் இந்தத் தீவுக்கு வந்திருக்கிறார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்தது அதற்குப் பிறகு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வீட்டில் பேசுவது இன்று கிரியோல்தான். ஆனாலும் கோவில், சாமி, காவடி, ரசம், முருங்கை எல்லாம் ஏதோ ஒரு உச்சரிப்பில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ரூபாய் நோட்டில்கூடத் தமிழ் எழுத்து இருக்கிறது.

அந்த மரத்துக்குச் சொந்தக்கார அம்மாளை நான் 'தாந்தின்' என்று கூப்பிடுவேன். கிரியோலில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் அந்த ஒரு சொல்தான். அவர் என்னை 'மோ ஸான்ஃபான்' என்பார், என் பிள்ளை என்று அர்த்தம். என் கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவரும் அந்த மரமும் இல்லாமல் எழுத முடியவில்லை.

ஏன் நடுமாதங்களைப் பற்றி மட்டும்? முதல் மூன்று மாதம் வாந்தி எடுத்தபோது ஊரிலிருந்து தினமும் போன் வந்தது. அங்கே மணி எட்டு என்றால் இங்கே ஆறரை. நான் எழுந்து பல் தேய்ப்பதற்குள் அம்மா கூப்பிட்டுவிடுவாள். "ஏண்டி, இன்னிக்காவது ஏதாவது வயித்துல தங்கிச்சா?" மாமியார் தனியாகக் கேட்பார், ஆபீஸில் கேட்பார்கள். பதினான்காம் வாரத்தில் ஒரு நாள் காலை, காப்பி வாசனை குமட்டவில்லை. அவ்வளவுதான், மசக்கை விட்டது. "இனிமே ஒண்ணும் பயமில்ல, நல்லா சாப்பிட்டு நல்லா தூங்கு" என்றாள் அம்மா. அன்றிலிருந்து போன் இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஆனது. எல்லாரும் அடுத்ததாகப் பிரசவத்தைப் பற்றித்தான் பேசினார்கள். நடுவில் கிடந்த மாதங்களை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்காததைவிட நான் சொல்லாமல் விட்டதுதான் பிறகு என்னைப் படுத்தியது.

கணக்கிலேயே ஒரு குழப்பம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா மாசத்தில் எண்ணுவாள், டாக்டர் வாரத்தில் எண்ணுவார். கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து வாரக் கணக்கு ஓடுகிறது. அதன்படி 14 முதல் 27 வாரம் வரை நடுப்பகுதி. 20 வாரத்தில் டாக்டர் "பாதி தாண்டிவிட்டது" என்கிறபோது அம்மா "அஞ்சு மாசம் ஆகி ஆறு நடக்குது" என்பாள். இரண்டும் சரிதான். ஆனால் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வாரத்தை வைத்துத்தான் நாள் குறிப்பார்கள். நான் அடுக்களைக் காலண்டரில் ஒவ்வொரு திங்கட்கிழமையிலும் வாரத்தின் எண்ணைப் பேனாவால் எழுதி வைத்தேன். யாராவது மாசம் கேட்டால் அதைப் பார்த்துச் சொல்வேன்.

17 என்று எழுதியிருந்த திங்கட்கிழமை, 2024 ஜனவரி 15. பெலால் புயல் வந்த நாள். இங்கே நவம்பரிலிருந்து ஏறக்குறைய மே நடு வரை புயல் காலம். எச்சரிக்கை ஒன்றிலிருந்து நான்கு வரை வகுப்பு வகுப்பாக ஏறும். அன்று காலையில் வேலைக்குப் போனவர்கள் பலர் மதியத்துக்குள் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்த படங்கள் போனில் வந்துகொண்டே இருந்தன. என் கணவரின் அலுவலகம் அங்கேதான். நான் வீட்டில் தனியாக, மின்சாரம் இல்லாமல், ஜன்னல் கதவுகளைக் கயிற்றால் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வீடு வந்து சேர இரவாகிவிட்டது. இடுப்பு வரை நனைந்திருந்தார்.

அன்று எனக்கு உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த இருட்டில் ஒரு கேள்வி வந்தது. இப்போது எனக்கு ரத்தம் பட்டால் எங்கே போவேன்? யார் கார் எடுப்பார்? என் ரிப்போர்ட்டுகள் எங்கே? மறுநாள் மின்சாரம் வந்ததும் முதல் வேலையாக ஒரு பிளாஸ்டிக் உறையில் ரத்த வகை, ஸ்கேன், மருந்துச் சீட்டு, பாஸ்போர்ட் நகல் எல்லாவற்றையும் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். மருத்துவமனை எண்ணையும் தாந்தின் மகனின் எண்ணையும் தாளில் எழுதி ஒட்டினேன், போன் செத்துப்போனாலும் இருக்கட்டும் என்று. மாத்திரைகள் எப்போதும் இரண்டு வாரத்துக்குக் கையிருப்பு. பிரசவம் எங்கே என்பதையும் அந்த வாரமே முடிவு செய்தோம். பெயர் பெற்ற இடமா, பக்கத்தில் இருக்கிற இடமா என்று இழுபறியாக இருந்தது. வெள்ளம் வந்தாலும் போய்ச் சேரக்கூடிய இடம் என்று தேர்ந்தெடுத்தோம். இந்த வேலையெல்லாம் ஏழு எட்டு மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்போது குனிந்து செருப்பு மாட்டவே மூச்சு வாங்கும். நடுவில் கொஞ்சம் தெம்பு கிடைக்கிறதே, அதை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

பத்து நாளில் தைப்பூசம். இங்கே அது அரசு விடுமுறை நாள். கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கிற முருகன் கோவிலுக்குக் காவடிகளும் பால்குடங்களுமாகக் கூட்டம் ஏறும். பத்து நாள் விரதமிருந்து பால்குடம் எடுக்க எனக்கு ஆசை. தாந்தின் ஒரே பிடியாகக் கூடாது என்றுவிட்டார். சரி, கீழே நின்று பார்க்கிறேன் என்று போனேன். ஜனவரி வெயில் இங்கே உச்சிக் கோடை. கால் மணி நேரம் நின்றிருப்பேன். மேளச் சத்தம் தூரத்துக்குப் போவது போல இருந்தது, கண்ணுக்கு முன் மஞ்சள் சேலைகள் எல்லாம் வெளுத்துப்போயின. யாரோ என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தார்கள்.

நடுமாதங்களில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கும், தலை சுற்றும். உட்கார்ந்தோ இடப்பக்கம் படுத்தோ இருந்தால் சரியாகிவிடும். இதைப் படித்துவிட்டு நானே முடிவு கட்டினேன், வெயிலும் அழுத்தமும்தான் என்று. அதற்கு முந்தைய மூன்று வாரமாக மெட்ரோ நிலையத்துப் படி ஏறும்போது நெஞ்சு படபடத்ததை இதனோடு சேர்த்துப் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

இருபதாம் வாரம் ஸ்கேன். உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிற ஸ்கேன் இது, 18 முதல் 22 வாரத்துக்குள் எடுப்பார்கள். இதயத்தின் நான்கு அறைகள், முதுகெலும்பு, சிறுநீரகம், வயிற்றுச் சுவர், உதடு, தொடை எலும்பின் நீளம் என்று அளந்துகொண்டே போவார்கள். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அளக்கிறவர் பேசாமல் இருந்தால் பயந்துவிட வேண்டாம், எண்ணிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒரு கவலை இருந்தது. இருபது வாரம் ஆகியும் அசைவு எதுவும் தெரியவில்லை. "நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறது, அது மெத்தை மாதிரி நடுவில் இருக்கிறது, அதனால் உங்களுக்குத் தெரியக் கொஞ்சம் தாமதமாகும்" என்றார் டாக்டர். தலைப்பிள்ளை என்றாலே 18, 20 வாரம் ஆகும், நஞ்சுக்கொடி முன்னால் இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். இரண்டு வாரமாக மனதில் அடைத்திருந்த கல் இறங்கியது. பையனா பெண்ணா தெரிய வேண்டுமா என்றும் கேட்டார். நம் ஊரில் அது சட்டப்படி குற்றம், 1994இல் வந்த சட்டம். அந்தக் கேள்வியைக் கேட்டதுமே எனக்குப் பதற்றமாகிவிட்டது. வேண்டாம் என்றேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு மறுநாள் வந்தது. ஹீமோகுளோபின் 9.6. கர்ப்பம் உறுதியானபோது 12.1 இருந்தது.

முதலில் நான் போய்க்கொண்டிருந்த க்ளினிக்கில் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லவில்லை. நான் காலைப் பலகாரத்துக்குப் பிறகு, டீயோடு, கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கினேன். பத்து நாளில் மலம் கல்லாகக் கட்டியது, நெஞ்சு எரிந்தது. அந்த அவதி தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஐந்து வாரம். கணவரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் சாப்பிட்டாயா என்று அவர் கேட்கிறபோதெல்லாம் ம் என்று சொல்லியிருந்தேன்.

ஸ்கேனுக்குப் பிறகு நான் மாறிப்போன டாக்டர் ஒரு பெரியவர். ரிப்போர்ட்டைப் பார்த்தவர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. "அட்டையில் இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ம் சொல்ல முடியாது. அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார்.

கர்ப்பத்தில் உடம்பின் ரத்த அளவு ஏறக்குறைய பாதிக்குப் பாதி கூடுகிறது. அதில் தண்ணீர்ப் பகுதி வேகமாகக் கூடும், சிவப்பணு மெதுவாகத்தான் கூடும். அதனால் ரத்தம் கொஞ்சம் நீர்த்துப்போவது எல்லாருக்கும் நடப்பதுதான். இதைக் கணக்கில் எடுத்துத்தான் நடுமாதங்களில் 10.5க்குக் கீழே போனால் சோகை என்கிறார்கள், மற்ற மாதங்களில் 11. சோகை மிஞ்சினால் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் நேரும் அபாயம் கூடும். பிரசவத்தில் ரத்தம் போனால் தாங்க உடம்பில் இருப்பு இருக்காது. அந்த இருப்பைச் சேர்த்து வைக்கிற காலம் இந்த நடுமாதங்கள்தான். கடைசி மாதத்தில் ஓடிப்போய்ச் சேர்க்க முடியாது.

மாத்திரையின் வகையை மாற்றிக் கொடுத்தார். இரவு உணவு செரித்த பிறகு எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு விழுங்கச் சொன்னார். வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். டீ, காப்பி, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும், அவை இரும்பைத் தடுக்கும். மலம் கறுத்துப் போகும், பயப்படாதே என்றார். மலச்சிக்கலுக்கு மாத்திரையை நிறுத்தக் கூடாது, என்னிடம் வந்து சொல்ல வேண்டும், அதற்கு வழி இருக்கிறது என்றார். தண்ணீர், ஊற வைத்த உலர்திராட்சை, கொய்யா, காலையில் அரைமணி நடை. அதற்கும் மசியாவிட்டால் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்தும் உண்டு. இதையெல்லாம் முதல் க்ளினிக்கில் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். இதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. என்னைப் போல எத்தனை பேர் அட்டையை அலமாரிக்குள் மறைத்து வைத்திருக்கிறார்களோ!

தாந்தினிடம் அன்று மாலையே சொன்னேன். அவருக்கு எண் புரியவில்லை, ரத்தம் குறைவு என்பது புரிந்தது. சுவருக்கு மேலே ஒரு கிளையை வளைத்து ஒடித்து நீட்டினார். அதிலிருந்து வாரம் மூன்று நாள் அவர் வீட்டு அடுக்களையில் கீரை உருவுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அவர்கள் அதைப் 'புய்யோன்' வைப்பார்கள். வெங்காயம், பூண்டு, இஞ்சி தட்டிப் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டு, கீரையைக் கடைசியில் தள்ளி இறக்குகிற தெளிவான சாறு. சோற்றில் ஊற்றிப் பொரித்த கருவாட்டைத் தொட்டுக்கொள்வது. நம் கீரைத் தண்ணிச்சாறுக்குப் பக்கத்து வீடு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கீரையில் இரும்பு இருந்தாலும் அதிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். சோகை வந்த பிறகு முருங்கைக்கீரை மட்டும் தின்று சரி செய்துவிடலாம் என்று யாரும் மாத்திரையை விட்டுவிட வேண்டாம். கீரை துணைக்கு, மாத்திரைதான் மருந்து.

அப்படி ஒரு நாள், 22ஆம் வாரத்து வியாழக்கிழமை. தாந்தின் அடுக்களையில் நீல நிற பிளாஸ்டிக் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காம்பின் நுனியை இடக்கையில் பிடித்து வலக்கை விரலால் கீழ்நோக்கி இழுத்தால் இலைகள் சரசரவென்று உதிரும். சில கிளையில் பூவும் வந்திருந்தது, அதை அவர் தனியாக எடுத்து வைத்தார். ரேடியோவில் ஏதோ செகா, இந்தத் தீவின் பாட்டு, ஓடிக்கொண்டிருந்தது. தொப்புளுக்குக் கீழே, வலப்பக்கம் ஒதுங்கி, உள்ளேயிருந்து யாரோ சுண்டுவிரலால் ஒரு தட்டு தட்டினார்கள். வாயு என்று நினைத்தேன். காம்பை உருவினேன். மறுபடியும் அதே இடத்தில், இரண்டு தட்டு. முறம் மடியில் இருந்தது, அதன் விளிம்பில் இருந்த இலைகள் ஆடின மாதிரிகூட எனக்குத் தோன்றியது. நான் கையை நிறுத்தியதைப் பார்த்துத் தாந்தின் ரேடியோவை அணைத்தார். ஒன்றும் கேட்காமல், கீரை வாசனை அடிக்கிற ஈரக் கையை என் வயிற்றில் வைத்தார். அவர் கைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, இன்னும் சில வாரம் ஆகும். ஆனாலும் கையை எடுக்கவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கே எனக்குக் கிடைத்த அறிவுரையில் பாதி ஊரிலிருந்து, பாதி தீவிலிருந்து. ஊரில் அன்னாசி என்றால் அலறுவார்கள். இங்கே ஃப்லிக் ஆன் ஃப்ளாக் கடற்கரையில் அன்னாசியைத் தோல் சீவி, கண்களைச் சுற்றிச் சுற்றிச் சாய்வாக வெட்டி, காம்பைப் பிடித்துச் சாப்பிடுகிற மாதிரி விற்பார்கள். மிளகாய், உப்பு, புளிக்கரைசலில் தோய்த்துத் தருவார்கள். கர்ப்பிணிகள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். டாக்டரிடம் கேட்டேன். சாப்பிடுகிற அளவு அன்னாசியால் கரு கலையாது, நெஞ்செரிச்சல் வந்தால் குறைத்துக்கொள் என்றார். பப்பாளியும் நன்கு பழுத்தது என்றால் பயமில்லை, பால் வடிகிற காயைத்தான் தவிர்க்கச் சொன்னார். குங்குமப்பூ நிறத்தை மாற்றாது. அம்மா அனுப்பிய டப்பாவைப் பாயசத்துக்கு வைத்திருக்கிறேன்.

நம் ஊரில் யாரும் சொல்லாத எச்சரிக்கை ஒன்றை இங்கே தெரிந்துகொண்டேன். இந்தத் தீவில் புகையிட்ட மார்லின் மீன் பெரிய விசேஷம், விருந்து என்றால் மெல்லிய துண்டுகளாகத் தட்டில் வந்துவிடும். மார்லின், வாள்மீன், சுறா மாதிரிப் பெரிய மீன்கள் சின்ன மீன்களைத் தின்று வளர்பவை. அவற்றின் உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது குழந்தையின் மூளை நரம்புகளைப் பாதிக்கும். போதாததற்கு, வேகாமல் வெறும் புகையில் பதப்படுத்தியதில் லிஸ்டீரியா என்ற கிருமியும் இருக்கலாம். அதற்காக மீனையே விட்டுவிட வேண்டாம். நன்றாக வெந்த சின்ன மீன் வாரம் இரண்டு தடவை நல்லது.

கொசுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2005-06இல் சிக்குன்குனியா இந்தத் தீவையும் பக்கத்து ரியூனியனையும் ஆட்டிப்படைத்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு அது பிரசவ நேரத்தில் தொற்றும் என்பது அப்போது ரியூனியனில்தான் தெளிவாகத் தெரிந்தது. மழை விட்ட மறுநாள் பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்ப்பது எங்கள் வீட்டில் என் கணவரின் வேலை. கொசுவிரட்டி மருந்து கர்ப்பிணிகள் பூசக்கூடியதுதானா என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

சர்க்கரைப் பரிசோதனை 24 முதல் 28 வாரத்துக்குள். இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, நம் வம்சத்தாருக்கும் அந்த வாய்ப்பு அதிகம். வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், பிறகு ஒரு மணி, இரண்டு மணி கழித்து ரத்தம். இங்கே நம் ஊர் மாதிரி மில்லிகிராமில் எண் வராது, மில்லிமோலில் வரும். 5.1, 10, 8.5, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்பகாலச் சர்க்கரை என்பார்கள். எனக்குத் தப்பியது. ரோஸ் ஹில்லில் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிற ஒரு அக்கா எனக்குத் தோழி, அவருக்கு இரண்டாம் பிள்ளைக்கு வந்தது. இங்கேயே பிறந்தவர், புத்தகத்தில் படித்த தமிழை அப்படியே பேசுவார். "தங்கையே, நான் இனிப்பை நிறுத்தினேன், தால் பூரியை இரண்டிலிருந்து ஒன்றாக்கினேன், உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடந்தேன், ஊசி தேவைப்படவில்லை" என்றார். அவருக்கு அது போதும் என்று இருந்தது. சிலருக்கு இன்சுலின் தேவைப்படும், அதில் அந்தப் பெண்ணின் குற்றம் ஒன்றுமில்லை.

அந்த அக்காவிடம்தான் இன்னொன்றையும் சொன்னேன். பிப்ரவரி கடைசியில் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும். காலை நீட்டி விரல்களை நம் பக்கமாக மடக்கினால் அது விட்டுவிடும். கால் வலி போன பிறகு அழுகை வரும், காரணம் இருக்காது. பக்கத்தில் கணவர் தூங்குவார். எழுப்ப மனசு வராது. எல்லாம் நன்றாகத்தானே போகிறது, எதற்கு அழுகிறாய் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்வேன். அக்கா மெட்ரோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். "அழுகையை மறைக்காதீர்கள். எழுப்புங்கள் அவரை. தூக்கம் பிறகும் வரும்" என்றார். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு மாதிரியான மனநலச் சிக்கல் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுவதும் அந்தப் பாரம் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டிய விஷயம் அது. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. அன்று இரவே அவரை எழுப்பினேன். விளக்கைப் போட்டார், இருவரும் பால் காய்ச்சிக் குடித்தோம். அதன் பிறகு அவரே எழுந்து பார்க்க ஆரம்பித்தார்.

அடிவயிற்றின் ஓரத்தில், திரும்பும்போதும் தும்மும்போதும் சுரீர் என்று இழுக்கும். கருப்பையைத் தாங்குகிற தசைநார் நீள்வதால் வருவது, சாதாரணம். எது சாதாரணமில்லை என்பதையும் டாக்டர் சொல்லிக் கொடுத்தார், தாளில் எழுதிக் கதவருகே உறையில் வைத்திருக்கிறேன். ரத்தம் படுவது, தண்ணீர் கசிவது, விட்டு விட்டு வயிறு இறுகுவது. இருபது வாரத்துக்குப் பிறகு தலையைப் பிளக்கிற வலி, கண் மங்கல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது. இதெல்லாம் ரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம், 140க்கு 90 என்பது எல்லை. அசைவு பழகிய பிறகு அது குறைவதும் இதில் சேரும். இதில் எது வந்தாலும் காலைவரை பொறுக்காமல் கிளம்ப வேண்டும். காரில் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், தொடையோடு ஒட்டி வர வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கிறது.

பங்குனியில் அம்மா வந்தாள். பெட்டியைத் திறந்தால் சேலைகளுக்கு நடுவே கண்ணாடி வளையல்கள், டஜன் டஜனாக, ஒன்றுகூட உடையவில்லை. ஏழாம் மாசத்து வளைகாப்பை வீட்டிலேயே செய்தோம். புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் அம்மாவும் அக்காவும் சேர்ந்து செய்தார்கள். தாந்தின் பச்சை வளையலாகவே தேர்ந்தெடுத்து எனக்கு அடுக்கினார். வந்தவர்களில் பாதிப் பேர் கிரியோலில் பேசினார்கள், மீதிப் பேர் தமிழில் பேசினார்கள்.

ஏப்ரல் முதல் வாரம், 28 என்று காலண்டரில் எழுதியிருந்தேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நடுவில் ஒரு தடவை 10.4 வந்திருந்தது, இப்போது 11.2. போனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்ல அடுக்களைக்குப் போனேன். ஆள் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் தாந்தின் கிளையை வளைத்துப் பிடித்திருந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. அம்மா ஒரு கொத்தைப் பிடித்துக் காட்டி, "முருங்கை" என்றாள், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிறுத்தி. தாந்தின் தலையாட்டி, "மூரூம்" என்றார். அம்மா பூவைக் காட்டினாள். அதைத் தாந்தின் சிரித்துக்கொண்டே பறித்து அம்மாவின் முந்தானையில் போட்டார். "இதப் பருப்போட சேர்த்துக் கூட்டு வைக்கலாம்" என்று அம்மா தமிழிலேயே செய்முறையைச் சொல்ல ஆரம்பித்தாள். தாந்தின் கிளையை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.